எடை ஒன்பது கிலோ இறங்கியது, தொப்பை இறங்கவில்லை: போனது எது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஓர் ஆடை நிறுவனத்தில் கணக்கு வேலை, வயது 41, உயரம் 168 சென்டிமீட்டர். நான்கு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் அளவாகச் சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர், இரவில் பப்பாளி அல்லது கொய்யா, இரண்டு வேளை டீ, தினமும் ஒரு மணி நேர நடை. முட்டை சாப்பிடுவீர்கள், கறியும் மீனும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 95க்குத்தான் வந்திருக்கிறது. தோளும் தொடையும் வற்றிவிட்டன, சட்டை தோளில் தொங்குகிறது, கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் 'சுகரா?' என்று கேட்கிறார்கள். கடந்த ஐந்து வாரமாக எடை அசையவில்லை. இனிச் சாப்பாட்டை இன்னும் குறைப்பதா, ஜிம்மில் சேர்வதா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இதுவரை போன ஒன்பது கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, இனிப் போவது கொழுப்பாகவே போக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? உங்களைக் கவலைப்படுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுவதால் அதற்கே பதில் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக டயட்டீஷியனாக இருக்கிறேன். உங்களைப் போல நல்ல எண்ணத்தோடு தொடங்கி, பாதி வழியில் உடம்பு வற்றி, பயந்துபோய் வருபவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்கவில்லை. சிறுநீரகம், தைராய்டு, மூட்டு இவற்றின் நிலை எனக்குத் தெரியாது. ஆகவே கீழே வரும் அளவுகளைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும். இதில் இரண்டு கருத்து இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. ஆனால் பற்றாக்குறை வந்ததும் உடல் கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை. தசையையும் கரைத்து அதிலுள்ள புரதத்தை எடுக்கிறது; தசையில் சேமித்த மாவுச்சத்தும் அதோடு கட்டுண்ட தண்ணீரும் கூடவே போகின்றன. வெறும் உணவுக் குறைப்பில் போகும் எடையில் தோராயமாகக் கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. புரதம் குறைவாகவும், தசைக்கு வேலை இல்லாமலும், பற்றாக்குறை பெரிதாகவும் இருந்தால் அந்தப் பங்கு கூடும். உங்கள் விஷயத்தில் இந்த மூன்றில் முதல் இரண்டும் நிச்சயமாக இருக்கின்றன.

நடைதான் தினமும் போகிறேனே, அது தசைக்கு வேலையில்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர்கள் இருபத்து நான்கு வாரம் பாதி வயிறாக, பெரும்பாலும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் உண்டு, வாரத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர் நடந்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. கைகால்கள் வற்றின, பலம் பெரிதும் குறைந்தது. நடை அவர்களுடைய தசையைக் காக்கவில்லை. அது கடும் பட்டினி; உங்கள் நிலை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அமைப்பு ஒன்றுதான்: மாவுச்சத்தே பிரதானமான குறைந்த உணவு, அதோடு நடை. இன்னும் நெருக்கமான சான்று 2017இல் வந்தது. 65 வயதைத் தாண்டிய, உடற்பருமன் கொண்ட 160 பேரில் நான்கில் மூன்று பங்கினரை ஆறு மாதம் எடை குறைக்க வைத்தார்கள்; மீதிப் பேர் ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் இருந்தார்கள். உணவுக் குறைப்போடு சிலருக்கு நடை போன்ற பயிற்சி மட்டும், சிலருக்குப் பளு தூக்கும் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. எடை குறைத்த மூன்று குழுவிலும் எடை ஒரே அளவில், சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பல்லாத எடை நடைக் குழுவில் 5 சதவீதமும், பளுக் குழுவில் 2 சதவீதமும், இரண்டும் செய்த குழுவில் 3 சதவீதமும் போயிருந்தது. எழுந்து நடப்பது, படியேறுவது போன்ற அன்றாடத் திறனில் அதிக முன்னேற்றம் கண்டவர்கள் இரண்டையும் செய்தவர்கள்தான். தராசு மூன்று குழுவுக்கும் ஒரே செய்தியைச் சொல்லியிருக்கும். உள்ளே நடந்தது வேறு வேறு.

நம் உடல்வாகுக்கு இது இன்னும் முக்கியம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நாம் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவாகவும், கொழுப்பு கூடுதலாகவும், அதுவும் வயிற்றுக்குள்ளேயும் இருக்கக்கூடியவர்கள். குறைந்த முதலோடு தொடங்கிய தசையில் கொஞ்சத்தை எடை குறைப்பின் பெயரால் இழந்தால், மீண்டும் எடை ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும். உங்கள் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 5.9 என்று எழுதியிருக்கிறீர்கள், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. சாப்பிட்ட சர்க்கரையை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான் என்பதால், அந்த 5.9ஐ இறக்கவும் உங்களுக்குத் தசை வேண்டும்.

இனி உங்கள் தட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய உணவைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று இட்லியில் 6 கிராம் புரதம். மதியச் சோற்றில் 5, சாம்பாரில் 5, பொரியலில் 2, தயிரில் 4. இரண்டு டீயின் பாலில் 4. இரவுப் பழத்தில் ஒன்று. மொத்தம் 27 கிராம் வருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவு, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், உங்கள் 75 கிலோவுக்கு 62 கிராம். அது எடையை நிலையாக வைத்திருப்பவருக்கான அளவு. எடை குறைப்பவர் அதைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்க, நீங்கள் அதில் பாதிகூடச் சாப்பிடவில்லை.

சாம்பாரில் வெறும் 5 கிராமா என்று யாரும் நம்புவதில்லை. என் மேசையில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் தராசும், ஒரு டப்பா துவரம்பருப்பும் எப்போதும் இருக்கும். போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்த ஓர் அம்மா, "எங்க வீட்ல பருப்பு இல்லாத நாளே கெடையாது மேடம்" என்றார். சாம்பாருக்கு எவ்வளவு போடுவீர்களோ அதை எடுத்துப் போடுங்கள் என்று டப்பாவை நகர்த்தினேன். வளையல் மேலேறும்படி கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார், கொஞ்சம் யோசித்து இன்னும் அரைப்பிடி போட்டார். தராசு 90 கிராம் காட்டியது. வீட்டில் எத்தனை பேர் என்றேன்; ஐந்து பேர். நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் என்றால் அந்தப் பாத்திரம் முழுவதற்கும் 20 கிராம், ஆளுக்கு 4 கிராம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாங்க சாப்பிடறது புளித்தண்ணிதானா?" என்றார். சாம்பார் நல்ல உணவு, அதில் எனக்குக் குறை இல்லை. சோற்றைக் கரைத்துச் சாப்பிடுவதற்கான குழம்பு அது. தசைக்கு வேண்டிய புரதத்தை அதனிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நம் மக்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருவது தெரிந்தது. ஆகவே இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய உணவு கூட்டினால் சுமார் ஆயிரம் கலோரிதான் வருகிறது. உங்கள் உடலுக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி அளவில் தேவைப்படும். அவ்வளவு பெரிய இடைவெளி உண்மையாகவே இருந்திருந்தால் நான்கு மாதத்தில் ஒன்பதைவிட மிகக் கூடுதலாக இறங்கியிருக்கும், கடைசி ஐந்து வாரம் எடை நின்றிருக்காது. அப்படியானால் எழுத்தில் வராத சாப்பாடு எங்கேயோ இருக்கிறது: சட்னித் தாளிப்பின் எண்ணெய், டீயில் போடும் சர்க்கரை, அலுவலகத்தில் யாரோ நீட்டிய பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமை மதியம். இது பொய் சொல்வதால் வருவதல்ல, மனித நினைவே அப்படி. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தபோது, அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாள், ஞாயிறு உட்பட, வாயில் போட்ட ஒவ்வொன்றையும் போட்ட உடனே எழுதுங்கள். எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் எழுதுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. பலருக்கு எடை ஏன் நின்றது என்ற கேள்விக்கு அந்த நோட்டிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதில் உறுதியும் ஐயமும் கலந்திருக்கின்றன. பற்றாக்குறையில் இருப்பவர் பளுப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தால் தசை காக்கப்படுகிறது என்பது உறுதி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்குத் தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு 1.2 கிலோ கொழுப்பல்லாத எடையைக் கூட்டினார்கள், 1.2 கிராம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், தசை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் பயிற்சியின் பலன் பெரிதாகக் கூடுவதில்லை என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அது எடை குறைப்பவர்களை வைத்துச் செய்ததல்ல. ஆகவே 1.6ஐ வேத வாக்காக எடுக்க வேண்டாம். நான் என்னிடம் வருபவர்களுக்கு, அடைய வேண்டிய எடையை வைத்து கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று கணக்கிடுகிறேன். உங்களுக்கு 68 கிலோ இலக்கு என்றால் நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம். நம் சமையலில் அதற்கு மேல் முயன்றால் ஒரு மாதத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

அது எப்படி நடக்கும் என்பதை உங்கள் நாளை வைத்தே சொல்கிறேன். காலையில் மூன்று இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும், மஞ்சள் கருவோடு இரண்டு வேகவைத்த முட்டையும். அல்லது இட்லியை விட்டு, பருப்புகள் கூடுதலாகப் போட்ட இரண்டு அடை. இது 16 கிராம் பக்கம் வரும். மதியம் சோற்றை ஒரு கப்போடு நிறுத்தி, சாம்பாரை இருக்க விட்டு, அதோடு கெட்டியான பருப்புக் கூட்டு ஒரு கப்பும், உலர்ந்த நிலையில் 30 கிராம் எடையுள்ள மீல் மேக்கரைப் பொரியலாகவோ குருமாவாகவோ செய்தும், ஒரு கப் தயிரும். உலர்ந்த மீல் மேக்கரில் பாதி எடை புரதம் என்பதால் அதிலேயே 15 கிராம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அதன் இடத்தில் 100 கிராம் மீனோ கோழியோ. மாலையில் பஜ்ஜி, பிஸ்கட்டின் இடத்தில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல். இரவில் பழம் மட்டும் என்பதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு சப்பாத்தியோடு 75 கிராம் பனீர் அல்லது இரண்டு முட்டை போட்ட காய்கறிப் பொரியல், படுக்கும் முன் ஒரு டம்ளர் சர்க்கரை இல்லாத பால், பழம் அதற்குப் பிறகு. மொத்தம் 85 கிராம் அளவுக்குப் புரதமும், எண்ணெயை நான்கைந்து தேக்கரண்டிக்குள் வைத்தால் 1,700 கலோரி அளவும் வரும். உங்கள் தேவையிலிருந்து 500 குறைவு. அதுவே போதுமான பற்றாக்குறை. வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் இறங்கினால் போதும். நார்வேயில் விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தவர்கள் தசையைக் கூட்டினார்கள், 1.4 சதவீதம் என்று வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது நடக்கவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலையில் நூற்றுக்கு 25 கிராம் புரதம் இருப்பது உண்மை. அதோடு 560 கலோரிக்கு மேல் இருப்பதும் உண்மை. ஒரு கைப்பிடி சாப்பிடலாம், அதைப் புரதக் கணக்கில் பிரதானமாக வைக்க முடியாது. சிறுதானியத்துக்கு மாறினால் எடை குறையுமா என்றால், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் கூடுதல், ஆனால் புரதமும் கலோரியும் அரிசிக்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டு பெரிய களி உருண்டை சாப்பிட்டால் சோறு சாப்பிட்ட கணக்கே. புரதப் பவுடர் பாலிலிருந்து பிரித்த உணவுதான், மருந்தல்ல. உணவிலேயே 80 கிராம் வந்துவிட்டால் வேண்டியதில்லை, வராத நாளில் ஒரு கரண்டி எடுப்பதில் தவறும் இல்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். தசையைத் தக்கவைக்கும் செய்தி உடலுக்கு ஒரே வழியில்தான் போகிறது: அந்தத் தசையால் எளிதில் முடியாத வேலையை அதனிடம் வாங்குவது. வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் போதும். ஜிம் நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை. நம் தாத்தாக்கள் செய்த தண்டாலும் பஸ்கியுமே தொடக்கத்துக்குப் போதும். பஸ்கியை நாற்காலியை வைத்துத் தொடங்குங்கள்: கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, நாற்காலியைத் தொட்டதும் எழுங்கள். பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. பதினைந்து முறை சிரமமில்லாமல் வந்துவிட்டால் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். தண்டாலைச் சமையல் மேடையில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு தாழ்வான பெஞ்சிலும், பிறகு தரையிலும் செய்யுங்கள். முதுகுக்கு இழுக்கும் வேலை வேண்டும்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் எடை நிரப்பிய பையை இடுப்பை நோக்கி இழுப்பது. முதுகை வளைக்காமல், இடுப்பை மட்டும் பின்தள்ளிக் குனிந்து, தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கி வைப்பது தொடையின் பின்புறத்துக்கும் கீழ்முதுகுக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்குவது தோளுக்கு. கடைசியாக இரண்டு கையிலும் ஒவ்வொரு வாளி நீரை ஏந்தி வராண்டாவில் நடப்பது. தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். எழும்போது மூச்சை விடுங்கள்.

இந்தப் பட்டியலைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும், இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். பத்து முறை செய்து முடித்ததும் இன்னும் பத்து செய்யலாம் போலிருந்தால் தசைக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. என்னிடம் வருபவர்களில் ஆறு மாதம் ஜிம்முக்குப் போயும் மாற்றமில்லை என்பவர்களிடம், முதல் நாள் எவ்வளவு தூக்கினீர்கள், இன்று எவ்வளவு என்று கேட்பேன். பெரும்பாலும் விடை அதே ஐந்து கிலோ டம்பெல்லாக இருக்கும். எடையையும் எண்ணிக்கையையும் சாப்பாட்டு நோட்டிலேயே எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கூடினாலும் அது முன்னேற்றம்.

நடையை விடாதீர்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் அது நல்லது. ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிடமாக்கி, மிச்ச நேரத்தைப் பளுவுக்குக் கொடுங்கள். ஒரு மணி நேர நடையில் உங்கள் எடைக்கு 250 முதல் 300 கலோரி செலவாகும்; டீக்கடையில் இரண்டு உளுந்து வடையும் ஒரு சர்க்கரை டீயும் அதை ஈடுகட்டிவிடும். ஆகவே எடை இறங்குவதைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளட்டும். தொப்பைக்கென்று தனிப் பயிற்சி கேட்டிருந்தீர்கள். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், மேலிருக்கும் கொழுப்பைக் கரைக்காது என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. 2011இல் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பில் மாற்றம் தெரியவில்லை. அண்மையில் ஒன்றிரண்டு சிறு ஆய்வுகள் வேறு விதமாகவும் சொல்வதால் கதவை முழுதாக மூடவில்லை, ஆனால் உங்கள் நேரத்தை அதில் செலவிடச் சொல்ல மாட்டேன்.

நாற்பதுக்குப் பிறகு உடலின் எரிக்கும் வேகம் குறைந்துவிடும், அதனால்தான் எடை நிற்கிறது என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவீடுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, உடல் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று காட்டியது. குறைவது தசையும் நடமாட்டமும்; இரண்டும் நம் கையில் இருப்பவை. தூக்கத்தைப் பற்றிச் சிகாகோவில் நடந்த சிறு ஆய்வொன்று உண்டு: ஒரே அளவு குறைந்த உணவில், எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோது 1.4 கிலோ கொழுப்பு போயிற்று, ஐந்தரை மணி நேரத்தில் 0.6 கிலோதான், மிச்சம் தசைப் பக்கத்திலிருந்து போயிற்று. பத்துப் பேரை வைத்து இரண்டு வாரம் மட்டும் செய்தது என்பதால் எண்களைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இரவு ஒரு மணி வரை போன் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் விரதமுறையில் தனி மகிமை இருப்பதாகச் சான்று இல்லை. சீனாவில் 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வில், அதே கலோரியை நேரக் கட்டுப்பாட்டோடு உண்டவர்களுக்கும் இல்லாமல் உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புரதத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரிப்பது நல்லதா, பயிற்சி முடிந்த உடனே சாப்பிட வேண்டுமா என்பவை இன்னும் விவாதத்தில் இருப்பவை. மொத்த அளவு எட்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது எப்படி என்பதில் கவனம் வேண்டும். கால் வைத்ததும் கொழுப்புச் சதவீதம் காட்டும் எந்திரங்கள் நீங்கள் குடித்த தண்ணீருக்கே மாறிச் சொல்லும். அவற்றைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். காலையில் கழிவறை சென்று வந்தபின் எடை பார்த்து ஏழு நாள் சராசரி எடுங்கள். வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டு நாடாவால் அளங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து இருக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ கூடலாம். தசைக்குள் சேமிப்பும் தண்ணீரும் திரும்பி வருவதுதான் அது. பயந்து இரவுச் சாப்பாட்டை மறுபடி நிறுத்திவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), தைராய்டு, இரத்த அழுத்தம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் இங்கே சொன்ன புரத அளவை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இதைப் படிக்கும் வேறு யாரேனும் இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சோற்றைக் குறைக்கும் அன்றே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மருந்தளவை மாற்றிய பிறகே உணவை மாற்ற வேண்டும். குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் இவை உள்ளவர்கள் வாளி தூக்கத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே எடை தானாக இறங்கினால், அல்லது இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ நேர்ந்தால், 5.9 என்ற பழைய அறிக்கையை நம்பிக் காத்திருக்காமல் மறுபடி பரிசோதியுங்கள்.

ஆக நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: சாப்பாட்டை மேலும் குறைக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மாற்றுங்கள், ஜிம்மோ வீடோ, வாரம் மூன்று நாள் பளு தூக்குங்கள். இன்றே ஒரு வேலை செய்யுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்து, முடிந்ததா, எந்தக் கை ஊன்றினீர்கள் என்று தேதியோடு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து எடை 71, 72 என்று நின்று, இடுப்பு 90ஐ நெருங்கி, கை ஊன்றாமல் எழுந்தீர்கள் என்றால் போனது கொழுப்பு. எடை இறங்கியும் இடுப்பு அசையாமல், எழுவதும் கடினமாகியிருந்தால் அந்த நோட்டோடு அருகிலுள்ள ஒரு டயட்டீஷியனை நேரில் பாருங்கள். ஏழு நாள் உணவுக் குறிப்பும் தூக்கிய எடைக் குறிப்பும் கையில் இருந்தால் தவறு எங்கே என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.